குண்டூசியும் குடும்பப் படமும்

அந்தப் போனக் கீழ வைமா முதல்ல. எத்தன தடவ சொல்றது? நீ கையத் தூக்கி உன்ன நீயே படம் எடுக்கற ஒவ்வொரு தடவையும் தோள்பட்டை மேல ஏறுது, நான் குத்தின ஊசியெல்லாம் இடம் மாறிப் போகுது. அப்புறம் கோட்டு கோணலா இருந்தா யாரச் சொல்லுவ? போனையா சொல்லுவ? தச்சவளத்தான் சொல்லுவ.

நேரா நில்லு. கை தொங்கட்டும். ம்... அப்படி. வாயில ஊசி இருக்கு, கொஞ்சம் கொழகொழன்னுதான் பேசுவேன், நீயாப் புரிஞ்சுக்கோ.

கேக்கறேன்னு தப்பா நினைக்காத. இப்ப எத்தன படம் எடுத்த? ...பதினாலா. சரி. ஒரு கை மடிச்சிருக்கு, ஒரு கை மடிக்கல, லைனிங் வெளிய நாக்கத் தொங்கப் போட்டுட்டு இருக்கு. இதுக்குப் பதினாலு. கோட்டு உன்னோடது, போட்டுக்கப் போறதும் நீ. அப்புறம் அத எதுக்கு போன்ல வேற மடிச்சு வெச்சுக்கற? ...தோழிக்கு அனுப்பினியா? என்ன சொன்னா? 'செம்ம'. அவ்வளவுதான? ஒரு கை முழங்கை வரைக்கும் இருக்கு, ஒரு கை விரல் வரைக்கும் இருக்கு, அது அவ கண்ணுல படல பாரு. எங்கமா படும்? போன்ல வர்ற படத்த யாரு பார்க்கறா. வந்துச்சா, தள்ளு. வந்துச்சா, தள்ளு. விரல்தான் பார்க்குது, கண்ணு எங்க பார்க்குது?

கொஞ்சம் திரும்பு. ஜன்னல் பக்கமா. இன்னும் கொஞ்சம்... நான் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி நில்லு. ஆங். இப்ப எதிர்த்தாப்புல மூக்குக் கண்ணாடிக் கடை ஒண்ணு தெரியுதா? வாசல்ல வேன் நிக்குதா? ...நிக்குது. ஏத்திட்டாங்களா, இன்னும் ஏத்தறாங்களா? ...ஒரு பெரியவரு நிக்கறாரா, உயரமா, சாம்பல் கலர் சட்டை? ...இந்தப் பக்கம் பார்க்கறாரா?

பார்க்க மாட்டாரு. தெரியும். சும்மாதான் கேட்டேன். முதுகு அளவு எடுக்க அந்த வெளிச்சம் நல்லா இருக்கும், அதுக்குத்தான் திருப்பினேன்.

நானே எட்டிப் பார்க்கலாம்தான். பார்த்தா அவருக்குத் தெரிஞ்சிடும். அது என் அண்ணன்மா. கூடப் பிறந்தவரு. ஒரே தெருவுல, எதிரும் புதிருமா ரெண்டு கடை. இங்கருந்து தும்மினா அங்க கேக்கும். நாலு மாசமா ஒரு வார்த்த பேசல. இன்னைக்குக் கடையக் காலி பண்ணிட்டு மக வீட்டோட போய் இருக்கப் போறாராம், வேற ஊருக்கு. எனக்கு யாரு சொன்னான்னு நினைக்கற? பேன்ட்டுக்கு அடி மடிக்க வந்தாரு ஒரு மனுசன், அவரு சொல்றாரு. 'என்னம்மா, உங்க அண்ணன் கிளம்பறாராமே, நீங்க போகல?' அப்படிங்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு? 'தெரியுமே, காலைலயே பேசிட்டோமே'ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அவரு பேன்ட்ட ரெண்டு இன்ச்சு அதிகமா மடிச்சுட்டேன். கொண்டு வருவாரு, பிரிச்சுக்கலாம்.

எல்லாத்துக்கும் காரணம் இதோ இதுதான். நீ மறுபடியும் எடுத்துட்டியே கையில, இது. இந்தப் போனு.

சிரிக்காத, ஊசி குத்தும்.

எங்கிட்ட ஒரு கேமரா இருக்கு. சின்னது. உள்ளங்கையில அடங்கிடும், வெள்ளி கலரு. பொத்தான அமுக்கினா மூக்கு நீளும், ட்ர்ர்ர்னு. அதுக்கு நானே கோட்டு லைனிங்ல ஒரு பை தச்சு வெச்சிருக்கேன், உள்ள பஞ்சு வெச்சு. அந்தக் காலத்துல அது ஒரு கெத்து. ஒரு வீட்ல ஒருத்தர் கையிலதான் கேமரா இருக்கும், எங்க வீட்ல அது என் கையில. நான் வர்ற வரைக்கும் யாரும் நகர மாட்டாங்க. 'அக்கா வரட்டும், அக்கா வரட்டும்.' வந்து நிறுத்தி வெச்சு, 'நீ கொஞ்சம் முன்னால வா, நீ தலையச் சாய்க்காத, யாரும் கண்ண மூடாதீங்க'ன்னு சொல்லி, எடுப்பேன். எடுத்தா ஒண்ணு. அதுக்கு மேல எடுத்தா பேட்டரி தாங்காது. அதனால எடுக்கறத ஒழுங்கா எடுப்பேன். கண்ணு சிவப்பா வரும்தான். ராத்திரில பூனை பார்க்கற மாதிரி வரும். வரட்டுமே. தேதிகூட தப்பாதான் விழும், ஒரு தடவ பேட்டரியக் கழட்டினேன், அதுலருந்து அது என் கல்யாணத்துக்கு முன்னாடியே நிக்குது. நிக்கட்டும். ஆனா ஆளு ஆளாத் தெரியும். மூக்கு மூக்கா இருக்கும்.

போன்ல அப்படியா? எங்க தம்பி பொண்டாட்டி இருக்காளே. அவ போன் முன்னாடி நின்னா எல்லாரும் மாவுல புரட்டி எடுத்த மாதிரி வருவோம். என் தம்பி பிறந்ததுலருந்து கறுப்பு, அத அவனே சொல்லுவான், பெருமையா. அவ எடுத்த படத்துல யாரோ வெள்ளக்காரர் நிக்கற மாதிரி நிக்கறான். எனக்கு இந்தக் கன்னத்துல மச்சம் இருக்குல்ல, இதோ. காணோம். என்னக் கேக்காம எடுத்துடுச்சு. 'என்னமா இது, என் மச்சம் எங்க?'ன்னா, அவ குரல் இப்படித்தான் இருக்கும், மூக்குல இழுத்து இழுத்து... 'அய்யோ அண்ணீ, அது தானாவே அழகாக்கிடும் அண்ணீ.' தானாவே. நான் கேட்டேனா? அம்பது வருசமா வெச்சுட்டு இருக்கற மச்சத்த எடுக்கறதுக்கு அது யாரு?

அப்புறம் பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கலாப் போயிடுதாம். அதுக்கு ஒரு பெருமை. அவங்க வீட்டு அலமாரி நல்ல மர அலமாரி, கடன வாங்கி வாங்கினது, அத மங்கலாக்கி விட்டுட்டு மூஞ்சிய மட்டும் காட்டுது. மூஞ்சி எங்க போயிடப் போகுது, தெனம் பார்க்கறதுதான? அலமாரியக் காட்டு.

கையத் தூக்கு. இல்ல, அந்தக் கை. அக்குள்ல பிடிக்குதா? ...பிடிக்கும். ரெடிமேட் கோட்டு, யாரோ ஒரு பொம்மைக்கு அளவெடுத்துத் தச்சது. விடறேன் இரு. மத்தியானம் எத்தன மணிக்கு இன்டர்வியூ? ...அட, நிறைய நேரம் இருக்கே. வாசலப் பார்த்துட்டே நிக்காத, வேனப் பாரு.

எங்க விட்டேன்? ஆங். தம்பி புது வீடு வாங்கினான். நாலாவது மாடி. எல்லாரும் மதியம் சாப்பிட வாங்கன்னான். போனோம். அண்ணன், நான், தம்பி குடும்பம், அவ பக்கத்து ஆளுங்க நாலு பேரு. உள்ள நுழையறேன், ஒருத்தரும் 'வாங்க'ன்னு சொல்லல. ஏன்னா எல்லாரும் படம் எடுத்துட்டு இருக்காங்க. ஒருத்தி ஜன்னல எடுக்கறா. ஒருத்தன் குழாய எடுக்கறான், தண்ணி வருதாம். சாப்பாடு வந்துச்சு, ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. முதல்ல போன் சாப்பிடணும். அது மேலருந்து ஒரு வாய், சைடுலருந்து ஒரு வாய் சாப்பிட்டு முடிச்சப்புறம் நமக்கு. அதுக்குள்ள எல்லாம் ஆறி, கரண்டி குத்தினா நிக்குது.

இதுல தம்பி பையன் ஒருத்தன் இருக்கான். பேரச் சொல்ல மாட்டேன், நாங்க 'வாலு'ன்னுதான் கூப்பிடறது, வால் மட்டும்தான் இல்ல அவனுக்கு. வாய் இருக்கே, யாரு மாதிரி வேணும்னாலும் பேசும். என்ன மாதிரியே பேசுவான், ஊசிய வாயில வெச்சுட்டுப் பேசற மாதிரி. 'நேரா நில்லுமா, ம்ம், அப்படி, ம்ம்.' எனக்கே நான் ரெண்டு பேரா இருக்கற மாதிரி இருக்கும். பெரியப்பா மாதிரி பேசினான்னா, எங்க அண்ணனே திரும்பிப் பார்ப்பாரு. 'எழுத்து தெரியுதா சார்? கீழ் வரி? அதுக்குக் கீழ? அது எழுத்தே இல்ல சார், ஈ.'

எனக்குப் பொறுக்கல. எழுந்து நின்னேன். 'எல்லாரும் போன சோபாவுல போடுங்க'ன்னேன். சும்மா இல்ல, சத்தமா. போட்டாங்க. முனகிட்டே போட்டாங்க, ஆனா போட்டாங்க. கேமராவப் பையிலருந்து எடுத்தேன். எடுத்ததும் தம்பி பொண்டாட்டி, 'அய்யோ அண்ணீ, இன்னுமா இத வெச்சிருக்கீங்க, மியூசியத்துல கேக்கலையா?' அவ பக்கத்து ஆளு ஒருத்தி, 'இதுல பேசலாமா?' அப்படிங்கறா. வாலு, 'இல்லங்க, இதுல சவரம் பண்ணிக்கலாம்.' எல்லாரும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்னு விட்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கல. 'அவ எடுத்தா சரியா இருக்கும்'னாரு. அவ்வளவுதான் பேசுவாரு அவரு, அளந்து.

நிறுத்தி வெச்சேன். சின்னவங்க கீழ உக்காருங்க, நடுவுல தம்பி, பக்கத்துல அவ, உயரமா இருக்கறவங்க பின்னாடி. அண்ணன் போய் நடுவுல நின்னாரு. அவரு நடுவுல நின்னா மத்தவங்கெல்லாம் முட்டி போட்ட மாதிரி தெரியறாங்க. 'அண்ணா, நீ ஓரத்துக்குப் போ. இன்னும். இன்னும். அந்தக் கடைசிக்கு'ன்னேன். போனாரு. அலமாரி மேல கேமராவ வெச்சு, தானா எடுக்கற பொத்தான அமுக்கிட்டு ஓடி வந்து நிக்கணும். முதல் தடவ என் முதுகு மட்டும் விழுந்துச்சு. வாலு அது 'பீப் பீப்'ங்கறதயும் நான் ஓடறதயும் சேர்த்து நடிச்சுக் காட்டறான். ரெண்டாவது தடவ விழுந்துச்சு பாரு... அதோ. சுவத்துல மாட்டியிருக்கே, அந்தப் படம்தான். திரும்பாத, தலைய மட்டும் திருப்பு.

எப்படி? எல்லாரும் இருக்கோம். ஒருத்தர்கூட கண்ண மூடல. என் மச்சம் இருக்கு, தம்பி கறுப்பா இருக்கான், அலமாரி தெரியுது. வலது பக்கம் மேல, கடைசில நிக்கறாரு பாரு, அவருதான் அண்ணன். அந்தச் சட்டை நான் தச்சது. கேட்டா யாருக்கும் தரலாம்னு பத்து காப்பி போட்டேன். ஸ்டுடியோக்காரன்கிட்ட கேமராவோட மெமரி கார்ட நீட்டினா, என்னமோ செத்த எலிய நீட்டின மாதிரி பார்க்கறான். 'போன்ல இருந்தா அனுப்புங்கம்மா.' போன்ல இல்லடா, இதுல இருக்குன்னா, ட்ராயர் ட்ராயராத் தேடறான் அதச் சொருகறதுக்கு ஒரு டப்பாவ. பத்து காப்பி. ஒருத்தர் வந்து வாங்கல. 'போன்ல அனுப்பிடுங்க அக்கா.' எல்லாத்துக்கும் போனு.

சரி, போன்லதான பார்ப்பீங்க, அங்கயும் வர்றேன்னு முடிவு பண்ணேன். எங்க குடும்பத்துக்குன்னு போன்ல ஒரு குழு இருக்கு. தம்பி பொண்டாட்டி ஆரம்பிச்சது. குழுவுக்கு மேல ஒரு படம் இருக்கும்ல, அதுல அவளே கைய நீட்டி எடுத்த படம், அவ மூக்கு முன்னாடி, நாங்கெல்லாம் மூக்குக்குப் பின்னாடி ஊருக்கு வெளிய நிக்கறோம். அத மாத்தினேன். நானே. யாரையும் கேக்கல. இந்தச் சுவத்துப் படத்த போன்ல ஒரு படம் எடுத்து, அதுக்குள்ள போய், இத அமுக்கி அத அமுக்கி... கடைசில ஒரு வட்டம் காட்டிச்சு, இதுக்குள்ள சரி பண்ணுன்னுச்சு. நமக்கு வட்டம் தெரியாதா? எத்தன கழுத்து வெட்டியிருப்பேன். அழகா நடுவுல உக்கார வெச்சுப் போட்டேன். எல்லாரும் கட்டை விரலத் தூக்கினாங்க. தம்பி பொண்டாட்டி மட்டும் தூக்கல. தூக்குவாளா? அவ மூக்கு போச்சே.

அதுக்கு மறுநாள் காலைல அண்ணன் குழுவ விட்டு வெளிய போயிட்டாரு. அது தனியாச் சொல்லும்ல, இன்னாரு வெளியேறிட்டாருன்னு, அப்படி. வீட்ட விட்டு ஓடிப் போனவங்களப் பத்தி எழுதற மாதிரி. நான் என்னமோ கைபட்டுப் போயிருக்கும்னு நினைச்சேன். தெனம் காலைல கடையத் திறக்கறதுக்கு முன்னாடி ஃப்ளாஸ்க்குல டீயோட வருவாரு. இதோ இந்த ஸ்டூல்ல உக்காருவாரு, ரெண்டு பேரும் குடிப்போம், போயிடுவாரு. அன்னைக்கு வரல. அடுத்த நாளும் வரல. நாற்காலியத் திருப்பிப் போட்டுட்டாரு, முதுகு மட்டும் தெரியுது. போய்க் கேட்டேன்மா, கேக்காம இல்ல. 'என்னண்ணா?'ன்னேன். 'வேலை இருக்கு'ன்னாரு. கடையில ஒரு ஈ இல்ல. அந்த எழுத்துப் பலகைல இருக்கற ஈகூட இல்ல. அப்புறம் நான் ஏன் போகணும்? எனக்கு மானம் இல்லையா?

யோசிச்சேன், யாரு என்ன பண்ணியிருப்பாங்கன்னு. அப்பதான் தெரிஞ்சுது. வாலு. அன்னைக்குச் சாப்பிட்டுட்டு அண்ணன் சோபாவுல சாஞ்சு கொட்டாவி விட்டிருக்காரு. அத இவன் போன்ல எடுத்து, தலைய மட்டும் கத்திரிச்சு, நீர்யானை உடம்புல ஒட்டி, குழுவுல விட்டிருக்கான். ஸ்டிக்கராம். யாரு 'தூக்கம் வருது'ன்னு போட்டாலும் அந்த நீர்யானை வருது. எந்த மனுசன் பொறுப்பான்? ஊருக்கே கண்ணு பார்க்கற மனுசன நீர்யானையாக்கினா? இதுதான் காரணம்னு பிடிச்சுட்டேன். தம்பி வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடிச்சேன் அவன. அவன் சத்தியம் பண்றான், 'அத்தை, அந்த ஸ்டிக்கர பெரியப்பாவே எனக்கு ரெண்டு தடவ அனுப்பினாரு அத்தை, நல்லா இருக்குன்னாரு அத்தை.' பொய்யப் பாரு. வாய் கூசாம. காத முறுக்கினேன். அவன் அம்மா வந்துட்டா, 'என் பிள்ளையத் தொடாதீங்க அண்ணீ.' அன்னைலருந்து அவளும் பேசறதில்ல. தம்பி ரெண்டுங்கெட்டானா நடுவுல நிக்கறான். ஒரு போனு, ஒரு கொட்டாவி, ஒரு குடும்பம் மூணாப் போச்சு. கேமராவுல எடுத்திருந்தா நீர்யானை வருமா? சொல்லு. வராது.

வேன் கதவச் சாத்தற சத்தம் கேட்டுச்சா? ...பார்த்துச் சொல்லு. ...இன்னும் ஒரு பெட்டி இருக்கா. அது லென்ஸ் பெட்டியா இருக்கும், அத கடைசிலதான் ஏத்துவாரு, யாரையும் தொட விட மாட்டாரு.

போகட்டும். போறவரு போகட்டும். நான் சின்னவ, அவருதான் சொல்லிட்டுப் போகணும். ...நீ என்ன, போய்ப் பேசச் சொல்றியா? பேசறதுக்கு என்ன இருக்கு? நான் என்ன தப்பு பண்ணேன்? படம் எடுத்தேன், மாட்டினேன், எல்லாரும் பார்க்கற மாதிரி போட்டேன். குடும்பத்த ஒண்ணா வெச்சிருக்கறது நான்மா. இரு, காட்டறேன். என் போன் எங்க... துணிக்குக் கீழ இருக்கு. இதோ. குழு. பாரு, இன்னும் நான் போட்ட படம்தான் இருக்கு, மாத்த ஒருத்திக்குத் தைரியம் இல்ல. பார்த்தியா?

...யாரு, அண்ணனா? இதோ, கடைசில இருக்காரே, மேல. ...நல்லாப் பாரு. சுவத்துல இருக்கற அதே படம்தான். அதுல எங்க இருக்காரோ இதுலயும் அங்கதான் இருப்பாரு. ...இல்லையா? என்ன இல்லையா? எங்க போவாரு? எனக்குக் கிட்டத்துப் பார்வை கொஞ்சம் மங்கல், கண்ணாடியோட காது ஒடஞ்சு மாசக் கணக்காச்சு, சரி பண்ண எதிர்க் கடைக்குத்தான் போகணும், அதான் போகல. ஊசியக்கூட தடவித்தான் குத்தறேன். பயப்படாத, விரலுக்குத் தெரியும்.

...பெருசாக்கு. ...அது என்ன சாம்பலா? ...முழங்கையா. முழங்கை மட்டுமா? தலை எங்க?

...வட்டமா இருந்தா? ...மூலைல இருக்கறவங்க...

அது எப்படிமா? நான் முழுப் படத்தத்தான போட்டேன்? ...வெட்டிடுமா. கேக்காமயா? ...காட்டிச்சு. வட்டம் காட்டிச்சு. சரி பண்ணுன்னு சொல்லிச்சு. நான்தான்... தம்பி மக தலை சரியா நடுவுல வரட்டும்னு இந்தப் பக்கமா இழுத்தேன்.

இந்த முப்பது வருசத்துல ஓரத்துக்கு ஒரு விரக்கடை விடாம நான் ஒரு துணில கத்திரி வெச்சதில்லமா. அவசரத்துலகூட வெச்சதில்ல.

அப்ப மறுநாள் காலைல அவரு போனத் திறக்கறாரு. குடும்பமே இருக்கு. இவரோட முழங்கை இருக்கு. கீழ, இன்னாரு படத்த மாத்தினாங்கன்னு என் பேரு. புது வீட்ல 'ஓரத்துக்குப் போ, இன்னும் போ'ன்னவளும் நான்.

...என்ன பண்ற? ...தொட்டா? தொட்டாச் சதுரமா வருதா? ...இதோ இருக்காரே. முழுசா இருக்காரு. இவ்வளவு நேரம் இதுக்குள்ளயேதான் இருந்தாரா?

அந்தப் பையன் காத வேற முறுக்கினேன்.

வேன் சத்தமா அது? கிளம்பிட்டாரா? ...சொல்லுமா, பார்த்துச் சொல்லு, இனிமே நான் எட்டிப் பார்த்தா என்ன. ...நகருது. நகருதுல்ல.

அசையாத. கேட்டியா? கோட்டக் கழட்டாத, இடுப்புல எட்டு ஊசி இருக்கு, இழுத்தா கிழிச்சுடும். உக்காரவும் உக்காராத. கைய இப்படியே வெச்சுக்கோ. யாராவது வந்தா இருக்கச் சொல்லு. போன எடுத்துக்கறேன், என்னோடதத்தான், உன்னோடது இல்ல. இதோ வந்துட்டேன்.

டிரைவர் தம்பி. தம்பி, நிறுத்துப்பா. ஆரன் அடி, நல்லா அடி, நான் நகர மாட்டேன். ...வாயிலயா? ஊசிதான். துப்பிட்டேன், போதுமா?

அண்ணா, கண்ணாடிய இறக்கு. ...இறக்குண்ணா. எல்லாரும் பார்க்கறாங்கதான், பார்க்கட்டும், நாலு மாசமா பார்த்துட்டுதான இருக்காங்க.

இந்தா, இதப் பிடி. அந்த வட்டத்த விரலால தொடு. ...தொடுண்ணா, அது ஒண்ணும் கடிக்காது. ...யாரு அது, மேல கடைசில? யாரோட வழுக்க அது? ...இருக்கல்ல. முழுசா இருக்க. கண்ணு, காது, நான் தச்ச சட்டை, எல்லாம் இருக்கு.

வேணும்னா பண்ணுவேனாண்ணா நான்? உன்ன வெட்டிட்டு, குடும்பம்னு எதப் போடறது? ...நான்தான் போட்டேன். என் கையாலதான். வட்டம்னா மூலை போயிடும்னு எனக்குத் தோணல. வேற யாராவது பண்ணியிருந்தா நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன்.

நீ மட்டும் என்ன? ஊர்ல எல்லாருக்கும் 'கீழ் வரி தெரியுதா, அதுக்குக் கீழ தெரியுதா'ன்னு கேக்கறியே, ஒரு விரலால தொட்டுப் பார்க்க உனக்குத் தோணலையா? வாயத் திறந்து, 'ஏன்டி என் தலைய எடுத்தே'ன்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவ? ...ஆமா, நானும் பார்க்கலதான். ...சிரிக்காத. எனக்குக் கோவம் போகல இன்னும்.

...அந்த நீர்யானைய நீதான் அனுப்பினியா? நிஜமாவா? ரெண்டு தடவயா?

சரி, ஊருக்குப் போ. மக கூப்பிட்டா போகத்தான் வேணும், நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன். ஆனா இப்படி எங்கிட்ட முதுகக் காட்டிட்டுப் போகாத. முதல்ல கீழ இறங்கு. டிரைவர் தம்பி, எஞ்சின நிறுத்திட்டு நீயும் வந்து ஒரு டீ குடி. கதவத் திறண்ணா, சீக்கிரம். அங்க ஒரு பொண்ண உடம்பு பூரா ஊசி குத்தி நிக்க வெச்சுட்டு வந்திருக்கேன், பாவம், உக்காரக்கூட முடியாது அவளால.